சேப்பாக்கத்துக் குவிமாடமும் நம்ம ஊர் மணிக்கூண்டும்

சேப்பாக்கம் என்றதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட்தான். மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுக் கோலாலம்பூர் திரும்புகிற பலருக்கும், எதிரே ஓர் அரண்மனை இருந்ததே தெரியாது. தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768இல் கட்டிய அரண்மனை அது. கலசமகால், ஹுமாயூன் மகால் என இரண்டு கட்டடங்கள். சுற்றிலும் கடற்கரைவரை மதில் போட்ட சுமார் 117 ஏக்கர் தோட்டம். நவாபோ கம்பெனி அதிகாரிகளிடம் கடன் வாங்கியே காலம் தள்ளியவர். அந்தக் கடன்களின் ஊழலை 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டம் ஒழிக்கப்பட்டது. அரண்மனை ஏலத்துக்கு வர, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தோட்டம்தான் முதலில் துண்டானது. 1865இல் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப் வந்தது, பிறகு பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம். இரண்டு மகால்களுக்கும் நடுவே சிஸம் ஒரு கோபுரத்தை அதே பாணியில் எழுப்பினார். இன்று பார்க்கிறவருக்கு நவாப் கட்டியது எது, பறித்தவர் கட்டியது எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. சேப்பாக்கத்தை முன்னோடியாகச் சொல்லும் இந்தோ-சாராசெனிக் பாணியில்தான் 1897இல் பாடாங் எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எழுந்தது. பாணியைத் தேர்ந்த பொறியாளர் ஸ்பூனர் இலங்கையில் வேலை பார்த்தவர். எதிரே இருந்த புல்வெளியில் இங்கேயும் கிரிக்கெட்தான். சுல்தான் வாழ்ந்ததோ ஜுக்ராவில்; இது வெறும் அரசாங்க அலுவலகம்.

குவிமாடங்களை உள்ளூர்ப் பண்பாட்டுக்குச் செய்த மரியாதை என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சேப்பாக்கத்தில் வீட்டை இழந்தவரின் பாணி, கோலாலம்பூரில் ஆள்பவரின் சீருடை ஆகிவிட்டது. மன்னர் குடியிருக்காத கட்டடத்துக்கு மன்னர் தோற்றம் எதற்கு? ஆட்சி கைமாறியது கண்ணில் படாமலிருக்கத்தான்.

1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கியதும் அதே பாடாங்கில்தான். அன்றிலிருந்து அந்த மணிக்கூண்டு நமக்கு விடுதலையின் படம். அதைக் கவிதையில் எழுதுங்கள், படமும் பிடியுங்கள். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. இந்த ஊரை எழுப்பச் செங்கல் சுட்டதால் வந்த பெயர் அது. குவிமாடத்தை எழுதுகிறவர் அந்தச் சூளையையும் ஒரு வரி எழுதலாமே.