ஜூஜூவாடியோடு முடிகிற வரைபடம்

நகரமைப்புத் துறை போடுகிற மாஸ்டர் பிளானும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு; சொல்லாமல் விட்டவையும் உண்டு. மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம். திணைக்கு ஒரு நிலம் என்று படித்துவிட்டு வந்தவனுக்கு இந்த வகைப்பாடு அந்நியமாகத் தெரியாது. ஆனால் ஓசூரில் இந்த வண்ணமெல்லாம் மாநில எல்லையான ஜூஜூவாடியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் அத்திப்பள்ளியும் ஆனேக்கல்லும் பெங்களூரும் இருக்கின்றன. இந்தப் பக்கம் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அந்தப் பக்கம் 1961ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது.

ஆற்றுக்கு இது தெரியாது. நந்தி மலையில் பிறக்கிற தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து நுரை பொங்கி வெளியேறும் படங்களை நாம் பலமுறை பார்த்தாகிவிட்டது. வழக்கமாக இதை ‘மாசு’ என்று படிக்கிறோம். நிலப் பயன்பாடு என்று படிக்க வேண்டும். பெல்லந்தூர்க் கரையில் எத்தனை அடுக்குமாடிக்கு அனுமதி, சாக்கடை எங்கே போகும் என்று அங்கே ஒரு மேசையில் முடிவானபோதே கெலவரப்பள்ளி ஆயக்கட்டின் நிலமும் முடிவாகிவிட்டது. அந்த மேசையில் இந்த விவசாயிக்கு நாற்காலி இல்லை.

இரண்டு அரசுகளும் பேசிக்கொள்வதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1892ஆம் ஆண்டின் சென்னை – மைசூர் ஒப்பந்தத்தில் தென்பெண்ணையும் உண்டு. அதன் துணை ஆறான மார்க்கண்டேய நதியில் கட்டப்பட்ட அணை தொடர்பாக 2018இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியானது. இந்தச் சொல்லாடல் முழுக்க அளவு பற்றியது: எத்தனை அணை, எவ்வளவு தண்ணீர். அந்தத் தண்ணீர் எந்த நிலத்தின் வழியாக வருகிறது என்ற கேள்விக்கு இதில் இடம் கிடைக்கவில்லை. எல்லை என்றால் மொழி, தண்ணீர் என்றால் டி.எம்.சி. என்று பேசிப் பழகிய நமக்கும் இந்த மௌனத்தில் பங்குண்டு.

எல்லை எல்லோருக்கும் தடையா? 1971இல் தொடங்கிய சிப்காட், ஓசூருக்கு ஆலைகளைக் கொண்டுவந்தது எப்படி? பெங்களூர் கூப்பிடு தூரம். இந்தப் பக்கமோ பின்தங்கிய தருமபுரி மாவட்டம், ஆகவே சலுகை. சந்தை அங்கே, மானியம் இங்கே. கோடு இருந்ததால்தான் இந்தக் கணக்கு. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. உடனே பேச்சுக்கு வந்தது பெங்களூர் விமான நிலையத்தின் 2004ஆம் ஆண்டு ஒப்பந்தம்: 2033 வரை 150 கிலோமீட்டருக்குள், மைசூர், ஹாசன் நீங்கலாக, புதிய சர்வதேச விமான நிலையம் கூடாது. முதலீட்டின் வரைபடத்தில் ஓசூர் வெள்ளையாக இல்லை பாருங்கள். அங்கே கூட்டுத் திட்டம் ஏற்கெனவே நடக்கிறது.

‘சரிங்க, ரெண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு வாரியம் போட்டுட்டா தீர்ந்துடுமே?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வழி இருக்கிறது. டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் நான்கையும் சேர்த்து 1985இல் தேசியத் தலைநகர வட்டாரத் திட்ட வாரியச் சட்டம் வந்தது. ஆனால் வாரியம் வருவதாலேயே கிராமத்தான் குரல் கேட்டுவிடாது. பெருநகரத்தின் பசிக்கு இன்னும் பெரிய வரைபடம் கிடைக்கவும் கூடும்.

இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. கெலவரப்பள்ளியைத் தாண்டிய ஆறு 1957இல் திறந்த கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. அந்த அணைக்கு மேலே இருப்பது யார்? ஓசூர். 2019இல் மாநகராட்சியான, ஆலைகள் நிறைந்த ஓசூர். பெங்களூர் ஓசூருக்கு என்னவோ, அதுவே ஓசூர் கிருஷ்ணகிரிக்கு. நடுவே மாநில எல்லை கிடையாது. ஒரே சட்டம், 2004இலிருந்து ஒரே மாவட்டம். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் இதற்கென்றே மாவட்டத் திட்டக் குழுவை வைத்திருக்கிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். ஓசூரில் எந்த நிலம் ஊதாவாக மாறலாம் என்பதைக் கிருஷ்ணகிரி அணையின் ஆயக்கட்டுக்காரர்களிடம் யாராவது கேட்டுத் தீர்மானிக்கிறார்களா? ‘அது கர்நாடகா சமாச்சாரம்’ என்று இங்கே சொல்ல முடியாது. அப்போது எல்லை என்பது காரணமல்ல, சாக்கு.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் ஜூஜூவாடி அல்ல. ஓசூர் மாநகராட்சியும் கிருஷ்ணகிரி நகராட்சியும் இடைப்பட்ட ஊராட்சிகளும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும். அது தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும், இங்கே மூன்றும் பேசுகிற மக்கள் இருக்கிறார்கள். மேலே மாறும் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை கீழே இருப்பவருக்கு வேண்டும். இதற்குப் பெங்களூரின் சம்மதம் தேவையில்லை. இதை இங்கே செய்து காட்டிவிட்டு, அதே உரிமையை அத்திப்பள்ளிக்கு அப்பால் கேட்போம். அங்கே ஆனேக்கல் விவசாயியும் நம்மோடு சேர்ந்து கேட்கக்கூடும். அவர் நிலத்துக்கும் அவரைக் கேட்டு யாரும் வண்ணம் பூசவில்லை.