திரையில் டிக் விழுந்தால் போதுமா?

பென்னிக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன் என்பது ஆசிரியரின் கணிப்பு. 2/10ஐத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்று எழுதுவான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி: அதுதான் அவன் கணக்கு. 5/10 அவனுக்கு 1.5, 4/11, 11/4 இரண்டுமே 1.5. ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் இதை எழுதினார். பென்னி படித்த முறையில் பிள்ளைகள் தனித்தனியாகப் பயிற்சித் தாள்களைப் போடுவார்கள், விடைப்பட்டியலை வைத்து உதவியாளர் திருத்துவார், 80 விழுக்காடு சரியென்றால் அடுத்த தாள். பட்டியலோடு ஒத்துப்போகும்வரை விடையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கப் பென்னி பழகிவிட்டான். அவன் எப்படி யோசிக்கிறான் என்று கேட்க அந்த முறையில் யாருக்கும் அவசியம் வரவில்லை.

பென்னியின் காலத்தில் திருத்தியது மனிதர், இன்று திருத்துவது நிரல். அந்த இடத்தில்தான் பயிற்சி மென்பொருளின் பலமும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. நாற்பது நோட்டைத் திருத்திக் கொடுக்க ஆசிரியருக்கு இரண்டு நாளாவது ஆகும். மென்பொருள் அந்த நொடியே சொல்லிவிடுகிறது. பத்தாவது முறை தப்புப் போட்டாலும் முகம் சுளிப்பதில்லை, மற்ற பிள்ளைகள் முன்னால் மானத்தை வாங்குவதுமில்லை. வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல் போன்றவற்றுக்கு இது போதும். பின்னத்துக்குப் போதாது. நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் திரைக்கு, பிள்ளை எந்த விடையைத் தொட்டது என்று தெரியும்; ஏன் தொட்டது என்று தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்கப் பார்ப்பவைதான் மாணவரின் நிலைக்கேற்பக் கேள்வியை மாற்றும் மென்பொருள்கள். தப்பின் வகையைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்து கொடுப்பவை. இந்தியாவில் உருவான மைண்ட்ஸ்பார்க் இவற்றில் நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. டெல்லியில் பள்ளி விட்டபின் நடந்த மையங்களில் அதைப் பயன்படுத்திய நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் ஆராய்ந்தனர். முடிவுகள் 2019இல் வெளியாயின. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். காரணம் எளிது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த சராசரிப் பிள்ளையின் கணிதம் உண்மையில் மூன்றாம், நான்காம் வகுப்பு அளவில்தான் இருந்தது. வகுப்பறை ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தியது, மென்பொருள் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. ஆனால் இந்த வெற்றியை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு சங்கதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மையங்களில் பாதி நேரம் கணினி என்றால் மீதி நேரம் சிறு குழுவுக்கு ஓர் ஆள் பாடம் சொன்னார். அடுத்து, பள்ளித் தேர்வின் கணித மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை; வினாத்தாள் ஆறாம் வகுப்புக்கானது ஆயிற்றே.

எந்த நேரத்தில் என்பதும் சின்ன விஷயமல்ல. குஜராத்தில் க்யான் சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கணித மென்பொருளை லீ லிண்டன் சோதித்தார். பாடவேளையில் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்துக் கணினி முன் உட்காரவைத்தபோது அவர்கள் பின்தங்கினார்கள். அதே மென்பொருளைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது முன்னேறினார்கள். நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியரின் நேரத்தைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்தால் நட்டம்தான். விற்க வருபவர் யாரும் இதைச் சொல்லமாட்டார்.

கேள்வி கேட்காமல், செய்து பார்க்க விடும் மென்பொருள்கள் வேறு ரகம். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஃபெட். அதன் மின்சுற்றுப் பெட்டியில் கம்பி, பேட்டரி, பல்பு எல்லாம் திரையில் இழுத்துப் போடலாம். தொடரிணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் இரண்டும் மங்கும்; பக்க இணைப்பில் மங்காது. பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். பள்ளி ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் அனுமதிக்காத சோதனை இது. ஆனால் அந்தத் திரையில் ஹோல்டர் லூஸாக இருப்பதில்லை, கம்பியின் மேலுறையைச் சுரண்ட மறந்துபோவதில்லை. பல்பு ஏன் எரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதும் அறிவியல்தான். அதை உண்மையான கம்பிதான் கற்றுத்தரும்.

இதே ரகத்தில் கணிதத்துக்கான ஜியோஜீப்ராவை 2001இல் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணமும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகை முக்கோணத்துக்கு இந்த உயிர் கிடையாது. சில சமயம் திரையில் தெரியும் மூன்று எண்களைக் கூட்டினால் 180.01 வரும். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கியதன் விளைவு அது. அதைக் கண்டு ஒரு பிள்ளை கை தூக்கினால், அந்தப் பீரியடின் சிறந்த ஐந்து நிமிடம் அங்கே தொடங்கலாம். ஆசிரியர் அசட்டையாக விட்டால் அதோடு முடியும். நூறு முக்கோணத்தை இழுத்துப் பார்த்ததாலேயே நிரூபணம் ஆகிவிட்டதென்று பிள்ளைகள் நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஃபெட், ஜியோஜீப்ரா இரண்டும் இலவசம். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதி இவற்றைப் பரிந்துரைக்கவும் செய்கிறது. ஆனால் கியூஆர் குறியோடு பாடத்தின் கடைசியில் அது வருகிறது. பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்குக் கடைசிப் பக்கம் என்பது விடக்கூடிய பக்கம்.

தனியார் பள்ளிகள் கட்டண ரசீதில் ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று தனி வரி போட்டு வாங்குவதில் பெரும்பகுதி அனிமேஷன் பாடங்கள். இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் காட்ட அவை உதவும், மறுக்க முடியாது. மற்றபடி பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் படம்தான். இந்த வகைகளிலேயே மாணவரிடம் மிகக் குறைவாக வேலை வாங்குவது இதுவே.

இன்னொரு வகை மாணவருக்கானதே அல்ல, ஆசிரியர் விவரம் பதிவேற்றுவதற்கானது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. டெல்லி ஆய்வு காட்டிய அதே மருந்து, கணினி இல்லாமல். நல்ல யோசனை. ஆனால் மதிப்பீடு செயலி வழியே நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஆசிரியர் தன் செல்போனில் பதிவேற்ற வேண்டும். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது ஆசிரியர் சங்கங்களின் பழைய குறை. பதிவேறும் விவரத்தால் எந்தப் பள்ளியில் எத்தனை அரும்பு என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை கடன் வாங்கிக் கழிப்பதில் எந்தப் படியில் சறுக்குகிறது என்று மறுநாள் காலையில் அந்த ஆசிரியருக்குத் திருப்பிச் சொன்னால், செல்போனில் போன நேரத்துக்கு ஒரு கணக்காவது இருக்கும்.