அறுப்புக்கு முன் கொஞ்சம் அவகாசம்

ராபர்ட் ஃப்ராஸ்ட் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் வழியாக வந்தவர். பனி விழும் காடு, இரண்டாகப் பிரியும் பாதை, கூடவே ஐந்து மதிப்பெண் வினா. அதற்கப்புறம் அவரைத் தேடிப் போகிறவர்கள்கூட அவருடைய முதல் தொகுப்பான 'எ பாய்ஸ் வில்' பக்கம் அதிகம் போவதில்லை. 1913-இல் லண்டனில் டேவிட் நட் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம் அது. அப்போது அவருக்கு வயது 39. அதற்கு முன் சுமார் 9 ஆண்டுகள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெர்ரி என்ற ஊரில் ஒரு சிறு பண்ணையில் குடும்பத்தோடு இருந்தார். கோழி வளர்த்தார், பள்ளியில் பாடம் எடுத்தார், இரவில் எழுதினார்.

அந்தத் தொகுப்பில் 'ரோஸ் பொகோனியாஸ்' என்று ஒரு கவிதை. மூன்று பத்தி, பத்திக்கு எட்டு வரி. அழகான, கொஞ்சம் பழைய பாணியில் எழுதப்பட்ட இளங்காலக் கவிதை என்று சொல்லிக் கடந்துபோவதுதான் வழக்கம். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. ஈரநிலப் பூ ஒன்றைப் பற்றி நான் வாசித்தவற்றில் மிகத் துல்லியமான கவிதைகளில் இது ஒன்று. இத்தனைக்கும் பூவைப் பற்றி இதில் பெரிய வருணனை எதுவும் கிடையாது. இதழ் எத்தனை, உள்ளே என்ன நிறம், எதுவும் இல்லை. துல்லியமெல்லாம் இடத்தைப் பற்றியது.

கவிதையில் நடப்பது இவ்வளவுதான். நீர் ஊறிய ஒரு சின்னப் புல்வெளி. வட்டமானது, சுற்றி நிற்கும் மரங்களின் உயரம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அகலம். காற்று உள்ளே வருவதில்லை. வெயிலும் பூ வாசமும் மூச்சை அடைக்கின்றன. அங்கே 'நாங்கள்' குனிந்து பூப்பறிக்கிறோம். ஆயிரம் பூ பறித்தாலும் குறை தெரியாத அளவுக்குப் பூத்துக் கிடக்கிறது. புல் நுனிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் நிறம். கிளம்பும் முன் ஒரு பிரார்த்தனை: ஊரெல்லாம் புல் அறுக்கும்போது இந்த இடத்தை மட்டும் மறந்துவிடட்டும், அது முடியாதென்றால், பூ இருக்கும் இந்த நாட்களிலாவது யாரும் அறுக்காமல் இருக்கட்டும்.

முதல் பதிப்பின் உள்ளடக்கப் பக்கத்தில் ஃப்ராஸ்ட் பல கவிதைகளுக்கு ஒரு வரிக் குறிப்பு கொடுத்திருந்தார். இந்தக் கவிதைக்கான குறிப்பு இயற்கையின் சடங்கைப் பற்றிப் பேசுகிறது. கவிதைக்குள்ளும் கோயில், வணக்கம், பிரார்த்தனை எல்லாம் வருகின்றன. ஆகவே இதை வழிபாட்டுக் கவிதையாக வாசிக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நம் மரபுப்படி சொன்னால், அது உரிப்பொருளை மட்டும் வாசிப்பது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று வைத்தது நிலத்தையும் பொழுதையும். பூ கருப்பொருள், அதற்கடுத்துத்தான். இந்தக் கவிதையை நிலத்திலிருந்தும் பொழுதிலிருந்தும் தொடங்கி வாசித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது.

முதலில் அந்தப் பூ. ரோஸ் பொகோனியா வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குச் சொந்தமான ஆர்க்கிட். 'பொகோன்' என்றால் கிரேக்கத்தில் தாடி. பூவின் கீழ்இதழில் தாடி மாதிரி மயிர்கள் இருக்கும். ஒல்லியான தண்டு, தண்டின் நடுவில் ஒரே ஓர் இலை, உச்சியில் பெரும்பாலும் ஒரே ஓர் இளஞ்சிவப்புப் பூ. வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். மண் அமிலத்தன்மையோடு, சத்துக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்பேக்னம் பாசி படர்ந்த சதுப்பு இதற்குப் பிடித்த இடம். பூச்சி தின்னும் செடிகள் பக்கத்திலேயே வளரும். வளமான மண் இதற்கு ஆகாது. உரம் கலந்த நீர் வந்து சேர்ந்தால் சம்பும் நாணலும் உயர்ந்து இதை மூடிவிடும். விதை தூசி மாதிரி. உள்ளே சேமித்த உணவு கிடையாது, மண்ணிலுள்ள பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும். ஆனால் ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் வேரிலிருந்தே புதுத் தண்டுகள் கிளம்பிக் கூட்டமாகப் பரவும். கவிதையில் வரும் அந்த ஆயிரம் பூக்கள் உண்மையில் சில செடிகளின் பரவலாகவே இருந்திருக்கலாம். எண்ணிக்கை தரும் தைரியம் அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

எல்லாவற்றுக்கும் மேல் இதற்கு வெளிச்சம் வேண்டும். மர நிழல் விழுந்தால் பூப்பது குறையும், அப்புறம் செடியே காணாமல் போகும்.

இங்கேதான் அந்த வட்டம் முக்கியமாகிறது. பொறியியல் படித்தவனின் பழக்கம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் அகலமும் மரத்தின் உயரமும் சமம் என்றால், நடுவில் நிற்கிறவனுக்கு மர உச்சி சுமார் 63 பாகைக் கோணத்தில் தெரியும். டெர்ரி இருக்கும் அட்சரேகையில், ஜூன் இறுதி, ஜூலைத் தொடக்கத்தில், சூரியன் நண்பகலில் ஏறும் அதிகபட்ச உயரம் 70 பாகைதான். அதாவது அந்தப் புல்வெளியின் நடுவில் நேர்வெயில் விழுவது உச்சிப்பொழுதை ஒட்டி ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவ்வளவே. கவிதை ஏன் அப்படித் தகிக்கிறது, புல்வெளிக்கு ஏன் சூரிய வடிவம், ஏன் காற்று வரவில்லை, எல்லாவற்றுக்கும் இந்த அளவே காரணம். அலங்காரமாகத் தெரியும் உவமை ஒவ்வொன்றும் ஓர் அளவின் விளைவு.

அந்த அளவு இன்னொன்றையும் சொல்கிறது. இது மூடிக்கொள்ளக் காத்திருக்கும் இடம். மரங்கள் நான்கு பக்கமும் நெருங்கி நிற்கின்றன, விதைகள் ஒவ்வோராண்டும் உள்ளே விழுகின்றன. ஆழமான பாசிச் சதுப்பாக இருந்தால் அமிலமும் நீருமே மரத்தை நீண்ட காலம் தள்ளி வைக்கும். இதுவோ புல் முளைக்கும், அரிவாள் எட்டும் வெளி. அறுவடையில் இதைச் சேர்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள் என்றால், வழக்கமாக இது அறுக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. வருஷா வருஷம் புல்லோடு மரக்கன்றும் புதரும் அறுபட்டதால்தான் அங்கே வெயில் விழுந்தது. அரிவாள் இல்லாவிட்டால் அந்தப் பூவும் இல்லை.

இப்போது பிரார்த்தனைக்குத் திரும்பலாம். அதில் ரெண்டு வரங்கள் இருக்கின்றன. முதலாவது, மறந்துவிடட்டும். அது கிடைத்து, பல ஆண்டுகள் நீடித்தால், பூவைக் கொன்றுவிடும். இரண்டாவது, இப்போது வேண்டாம், பூ முடிந்தபின் அறுக்கட்டும். அது பூவைக் காப்பாற்றும். ஈரப் புல்வெளிகளைப் பராமரிப்பவர்கள் இன்று செய்வதும் ஏறக்குறைய அதுதான். பூத்து விதை சிந்திய பிறகு புல்லை வெட்டுவது, குளிர்காலத்தில் புதர்களை அகற்றுவது, சில இடங்களில் கட்டுப்படுத்தி எரிப்பது. ஃப்ராஸ்ட் இரண்டாவதைத்தான் கடைசியில் வைக்கிறார், அதில்தான் கவிதையை முடிக்கிறார். முதல் ஆசை காதலர்களுடையது; இரண்டாவது விவசாயியுடையது. மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் வேண்டும் என்று தெரிந்தவனின் பேரம்.

முதல் வரம் பலித்தால் என்ன ஆகும் என்பது அதே புத்தகத்தில் இருக்கிறது. தொகுப்பின் இரண்டாவது கவிதை 'கோஸ்ட் ஹவுஸ்'. வீடு போய் நிலவறைச் சுவர் மட்டும் மிஞ்சிய இடம். ஒருகாலத்தில் புல் அறுத்த நிலத்தில் மரங்கள் ஏறிவிட்டன. இது வெறும் மனநிலைக் கவிதை அல்ல, நியூ இங்கிலாந்தின் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஏறக்குறைய பாதி நிலம் மரம் வெட்டித் திருத்தப்பட்டிருந்தது. பிறகு மக்கள் மேற்கே வளமான நிலத்துக்கும், நகரத்து ஆலைகளுக்கும் போனார்கள். பண்ணைகள் கைவிடப்பட்டன. இன்று அந்த மாநிலத்தின் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. காட்டுக்குள் நடந்தால் யாருக்கும் வேலி ஆகாத கல்சுவர்கள் குறுக்கே ஓடுகின்றன. அந்தப் பிரார்த்தனை அதன் முதல் பாதியில் அப்படியே நிறைவேறியது. ஊர் அறுப்பு இடத்தை மறந்தது.

காடு திரும்பியது நல்லதுதானே என்று கேட்கலாம். பலவற்றுக்கு நல்லது. திறந்த ஈரவெளிகளை நம்பிய உயிர்களுக்கு நல்லதல்ல. ரோஸ் பொகோனியா மொத்தமாக அழியும் விளிம்பில் இல்லை. நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஃப்ளோரிடா வரை இன்னும் இருக்கிறது. ஆனால் இல்லினாய் உட்பட சில மாநிலங்கள் அதை அழியும் நிலையிலுள்ள தாவரமாகப் பட்டியலிட்டிருக்கின்றன. வடிகால் வெட்டியது, சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்தது, உரநீர் வந்தது, நிழல் மூடியது எல்லாமே காரணம். இதில் நிழல் ஒன்றுதான் யாரும் எதுவும் செய்யாமலேயே வருவது.

என் தொழிலில் இதற்கு நெருக்கமான அனுபவம் உண்டு. யாரும் தொடாத நிரல் அப்படியே பத்திரமாக இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அது இருக்கும், அதைச் சுற்றியுள்ள எல்லாம் வளர்ந்து, ஒருநாள் அது ஓடாது. கைபடாமல் இருப்பதும் காப்பாற்றப்படுவதும் ஒன்றல்ல.

தொகுப்பில் கொஞ்சம் தள்ளி 'மோயிங்' வருகிறது. இப்போது கவிஞனே அரிவாளோடு நிற்கிறான். அரிவாள் தரையோடு ஏதோ முணுமுணுக்கிறது. அந்த வேலையின் நடுவில் அவன் சில வெளிறிய ஆர்க்கிட்களையும் அறுத்துவிடுகிறான், பச்சைப் பாம்பு ஒன்று மிரண்டு ஓடுகிறது. ஆர்க்கிட் என்ற பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. 'ரோஸ் பொகோனியாஸ்' கவிதையில் தலைப்பாக, கோயிலாக இருந்த பூக்குடும்பம் இங்கே ஓர் அடைப்புக்குறிக்குள் சுருங்கிவிட்டது. வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வேலை நடக்கிறது. ஓர் உபரித் தகவல்: தோரோ தன் நாட்குறிப்பில் இதே ரோஸ் பொகோனியா பாம்பு மாதிரி நாறுவதாக எழுதினார். ஃப்ராஸ்டுக்குத் திகட்டத் திகட்ட இனிமை. பூ ஒன்றுதான், மூக்குகள் வேறு.

இரண்டாம் பகுதியில் 'தி டஃப்ட் ஆஃப் ஃப்ளவர்ஸ்'. விடியலில் அறுத்துவிட்டுப் போன யாரோ ஒருவன் ஓடைக்கரையில் ஒரு பூங்கொத்தை மட்டும் விட்டிருக்கிறான். பின்னால் புல்லைக் காயப்போட வருகிறவன் ஒரு பட்டாம்பூச்சி வழியாக அதைப் பார்க்கிறான். இதுதான் மூன்றில் புகழ்பெற்றது. ஆனால் தனியாகப் படித்தால் அது ஒரு நல்லெண்ணக் கதை. மற்ற இரண்டின் பின்னால் படித்தால்தான் அதன் எடை தெரியும்: பிரார்த்தித்தவனும் அறுத்தவனும் ஒரே புத்தகத்துக்குள் இருந்து வந்தவர்கள்.

'ரோஸ் பொகோனியாஸ்' மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. அரிவாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தங்கள் கைகளைப் பார்ப்பதே இல்லை. இந்தச் செடியில் தண்டைப் பறித்தால் அதன் ஒரே இலையும் கூடவே வந்துவிடும். அந்த வருஷத்துக்கான சமையலறையே போன மாதிரி. விதையும் இல்லை. குறை தெரியாது என்ற நம்பிக்கையோடு ஆயிரம் பூவைப் பறித்துவிட்டு, மிச்சத்துக்காகக் கடவுளிடம் கேட்பது! பின்னாளைய ஃப்ராஸ்ட் இந்த முரணை விட்டிருக்க மாட்டார். ஒரு வரியிலாவது குத்தியிருப்பார். இங்கே அந்தக் குத்தல் இல்லை. பக்தியின் சொற்கள் அதை மூடிவிடுகின்றன.

ஆனாலும் கடைசிப் பத்தியின் அந்த 'அது முடியாதென்றால்' என்ற திருப்பத்துக்காக இந்தக் கவிதையை நான் விடமாட்டேன். சூழலியல் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் முதல் வரத்தோடு நின்றுவிடுகின்றன: மனிதன் விலகிக்கொள்ளட்டும். கேட்க உன்னதமாக இருக்கும். வேலி போட்டுவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது வரம் அப்படியல்ல. அதற்கு ஒருவன் எப்போது பூக்கிறது, எப்போது விதை சிந்துகிறது, அறுப்பை எத்தனை நாள் தள்ளலாம் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த நாள் வந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு அந்த ஈரத்துக்குள் இறங்கவும் வேண்டும்.