எங்கள் பாஸ்கரன்

மயிலாப்பூரில் ஹாக்கி பேச ஆள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் வாசுதேவன் பாஸ்கரனில் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன்! நம் ஊர்க்காரர்! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில்தான் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. புல்தரையிலேயே வளர்ந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அந்த அணியில் பாஸ்கரனும் இருந்தார். நான்கே வருடத்தில் அவரே கேப்டன். 1980 ஜூலை 29, மாஸ்கோவில் ஸ்பெயினுடன் இறுதி ஆட்டம். சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று என்று 3-0. அதன் பிறகு ஹுவான் அமாத் என்ற ஸ்பெயின்காரர் விடாமல் துரத்தி, ஒற்றை ஆளாக மூன்று கோல் போட்டார். நடுவில் ஷாஹித் அடித்த கோல்தான் நம் மானத்தைக் காப்பாற்றியது. 4-3! பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக்ஸ்தானே என்று சிலர் இழுப்பார்கள். வந்த அணிகளை ஜெயித்தாக வேண்டுமே, அது யார் செய்த வேலை? அதற்குப் பிறகு இன்றுவரை ஹாக்கியில் நமக்கு ஒலிம்பிக்ஸ் தங்கம் வரவில்லை.

பாஸ்கரன் ஆடியது லெப்ட் ஹாஃப். கேலரியில் உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். மட்டையின் உருண்டையான பின்பக்கம் பந்தில் படக்கூடாது. எதிரணியின் ரைட் விங்கர் கோட்டோரமாகப் பாய்ந்து வந்து, லெப்ட் ஹாஃபின் இடது கைப்பக்கமாகக் கடக்கப் பார்ப்பார். அந்தப் பக்கம் மட்டையைத் திருப்பி ரிவர்ஸில்தான் தடுக்க முடியும். எட்டாது, பலமும் போதாது. அதனால் எல்லாம் கால் வேலை. விங்கர் முடிவெடுப்பதற்கு முன்பே இவர் அங்கே போய் நின்றுவிட வேண்டும். கைதட்டல் கிடைக்காத இடம். அங்கிருந்து ஓர் அணியையே நடத்தியவரை நான் எப்படிக் கொண்டாடாமல் இருப்பேன்!

அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் வந்தாயிற்று. பேசாமல் விழாக்களில் மாலை வாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் கோச் ஆனார். என் மதிப்பு பன்மடங்கு ஏறியது இங்கேதான். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 2-2 என்று நிறுத்தியது. போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது. போயிற்று! கேப்டனாக இருந்தால் ஓடிப்போய்க் குறுக்கே விழலாம். கோச் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். இவ்வளவு பட்டும், 2006 உலகக் கோப்பைக்கு மறுபடி அந்தப் பொறுப்பை ஏற்றார். பதினோராம் இடம்தான். இருக்கட்டுமே! தங்கத்தால் கிடைத்த பேரைப் பணயம் வைத்து அடுத்த தலைமுறையோடு நிற்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அந்தத் துணிச்சலை மறுபடி நேரில் பார்த்தேன், 2025 டிசம்பரில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில். ஜூனியர் உலகக் கோப்பை. நம் அணியின் கோச் யார் தெரியுமா? ஸ்ரீஜேஷ்! பாரிஸ் ஒலிம்பிக்ஸில் வெண்கலத்தோடு விடைபெற்ற அதே கோல்கீப்பர். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி இருந்தோம். கடைசிக் கால்பகுதியில் நம் பையன்கள் நான்கு கோல் போட்டார்கள், நான்கு! நீலத் தரையில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கப் பந்து சீறிப் போனது. கேலரியில் யாரும் உட்காரவில்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கட்டிய தொண்டையோடு, பக்கத்தில் நின்ற தி.நகர் கல்லூரிப் பையனிடம் பாஸ்கரன் கதையை ஆரம்பித்தேன். மாஸ்கோ முடிந்து சிட்னிக்கு வருவதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான். “சார், அந்த ஃபைனல் யூடியூப்ல கிடைக்குமா?” என்றான். “1980 மாஸ்கோ, இந்தியா ஸ்பெயின்னு போட்டுத் தேடு தம்பி” என்றேன்.