எண்ணும் முதலெழுத்தும்: ஒரு புதிரின் நிறையும் குறையும்

'26 = எல். ஆஃப் தி ஏ.' இடப்பக்கம் ஓர் எண். வலப்பக்கம் ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். ஆங்கிலத்தில் மொத்தம் 26 எழுத்து என்பது நினைவில் தட்டியதும், 'லெட்டர்ஸ் ஆஃப் தி ஆல்ஃபபெட்' என்று வரி நிரம்பிவிடுகிறது. விதி இவ்வளவுதான். ஒற்றை வரியில் அடங்கும் இந்தப் புதிர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்திருக்கிறது. கூடவே, மனத்தின் கூர்மையை அளக்கும் சோதனை என்ற பெயரையும் அது சேர்த்துக்கொண்டுவிட்டது. புதிராக அதை நான் பெரிதும் மதிக்கிறேன். சோதனையாக அது நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

இந்த வடிவத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்கர் வில் ஷார்ட்ஸ். இந்தியானா பல்கலைக்கழகத்தில் புதிரியல் என்றே ஒரு பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொண்டு 1974இல் பட்டம் பெற்றவர். 1993 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியர். 1981இல் 'கேம்ஸ்' இதழில் 'ஈக்குவேஷன் அனாலிசிஸ் டெஸ்ட்' என்ற தலைப்பில் 24 வரிகளை அவர் வெளியிட்டார். மார்கன் வொர்தி 1975இல் எழுதிய 'ஆஹா!' என்ற புதிர் நூல் அதற்கு வித்து. வெளிவந்த சில காலத்திலேயே யாரோ அதை ஆசிரியர் பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தட்டச்சு செய்ய, அந்த நகல்கள் அலுவலகம் அலுவலகமாகக் கைமாறின. பிரிட்டனில் சதுரங்க வீரரும் எழுத்தாளருமான வில்லியம் ஹார்ட்ஸ்டன் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் இதே வகைப் புதிர்களைத் தந்தார். அங்கே இதற்கு 'டிட்லாய்டு' என்று பெயர். சோல்ஜெனிட்சின் 1962இல் வெளியிட்ட, இவான் டெனிசோவிச்சின் ஒரு நாள் வாழ்க்கையைச் சொல்லும் நாவலின் ஆங்கிலத் தலைப்பில், 1 என்ற எண்ணாக மாறும் முதல் சொல்லை விட்டுவிட்டு மற்றச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவது அது.

இப்புதிரின் முதல் வலிமை, அது நினைவைத் தூண்டும் முறையில் இருக்கிறது. ஒரு சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கும், வாய்க்கு வராது. இந்த நிலையை 1966இல் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் ஆராய்ந்தார்கள். முழுச்சொல் வராதபோதும் அதன் முதலெழுத்தும் அசைகளின் எண்ணிக்கையும் பலருக்குத் தெரிந்திருந்தன. சொல் மனத்தில் ஒரே கட்டியாகக் கிடக்கவில்லை. அதன் தலைப்பகுதி தனியாகவும் கைக்கு அகப்படுகிறது. முதலெழுத்துப் புதிர் இந்த வழியிலேயே நுழைகிறது. முதலெழுத்து சொல்லைத் தொடுகிறது, எண் பொருளைத் தொடுகிறது. இரண்டும் இரு பக்கத்திலிருந்து நெருங்க, நடுவில் விடை மாட்டிக்கொள்கிறது. '88 = பி. கே.' என்பதில் 'பி. கே.' மட்டும் இருந்தால் ஆயிரம் தொடர்கள் பொருந்தும். 88 அருகில் வந்ததும் பியானோவின் கட்டைகளைத் தவிர வேறு எதுவும் நிற்பதில்லை.

இரண்டாவது வலிமை, விடை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்வது. சரியா தவறா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் ஒருங்கே பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும்போது, தேடாத நேரத்தில் விடை வந்து நிற்பதும் உண்டு. தவறான ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டிருந்த மனம், அதை விட்ட பிறகு புதிய வழியில் போகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே அளவில் கிடைக்கக்கூடிய மகிழ்ச்சி இது. இதற்குத் தனிப் பயிற்சியோ கருவியோ தேவையில்லை.

மூன்றாவது வலிமை பலர் கவனிக்காதது. ஷார்ட்ஸ் தம் வரிகளில் 'ஆஃப்', 'இன்', 'ஆன்' போன்ற சிறு சொற்களைச் சுருக்காமல் முழுதாக விட்டுவைத்தார். தொடரின் எலும்புக்கூடு அதனால் தெரிகிறது. '8 = எஸ். ஆன் எ எஸ். எஸ்.' என்ற வரியைப் பாருங்கள். ஏதோ ஒன்றின் மீது எட்டு ஏதோ இருக்கின்றன என்பது இலக்கணத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. விடை, சாலையோர 'ஸ்டாப்' பலகையின் எட்டுப் பக்கங்கள். அப்பலகைக்கு எட்டுப் பக்கம் என்று யாரும் மனப்பாடம் செய்வதில்லை. சிவப்புப் பலகையை மனக்கண்ணில் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். நினைவு தராததைச் சிந்தனை தருகிறது. 24 வரிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிட்லாய்டு என்ற பெயரைத் தந்த புதிரிலோ சிறு சொற்களும் சேர்ந்தே சுருங்கிவிடுகின்றன. எலும்புக்கூடு மறைந்ததும் ஊகத்துக்கு வழி அடைபடுகிறது. தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை.

இனி குறைகள். '90 = டி. இன் எ ஆர். ஏ.', '64 = எஸ். ஆன் எ சி.' ஆகியவை செங்கோணத்தின் பாகைகளையும் சதுரங்கப் பலகையின் கட்டங்களையும் கேட்கின்றன. ஆங்கிலம் தெரிந்த எவரும், எந்த நாட்டவரானாலும், இவற்றை எட்ட முடியும். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிகள் அமெரிக்காவில் வளர்ந்தவருக்கே உரியவை. அந்நாட்டுக் கொடியின் 13 பட்டைகள், நீர் உறையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட், மோனோபொலி ஆட்டத்தில் தொடக்கக் கட்டத்தைக் கடந்தால் கிடைக்கும் 200 டாலர், ஐந்து இலக்க அஞ்சல் எண் எல்லாம் அப்படிப்பட்டவை. மோனோபொலியைப் பிரிட்டனில் ஆடியவருக்கு அது 200 பவுண்டு. இந்தியருக்கு அஞ்சல் எண் ஆறு இலக்கம். '57 = எச். வி.' இன்னும் கடினம். ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் 57 வகைகள் என்பது 1896இல் ஹென்றி ஹெய்ன்ஸ் விளம்பரத்துக்காகத் தேர்ந்துகொண்ட எண்; அப்போதே அந்நிறுவனம் 60க்கும் மேற்பட்ட பொருள்களை விற்றுக்கொண்டிருந்தது. இந்த வரியைத் தீர்க்க அமெரிக்கக் கடைகளில் புட்டிகளைப் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும். அறிவாற்றலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

இது விளையாட்டில் எழும் சிறு முறையீடு மட்டுமன்று. இதே தவற்றுக்கு ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது 1917இல் ராபர்ட் யெர்க்ஸ் குழுவினர் அமெரிக்கப் படையினருக்காக 'ஆர்மி ஆல்ஃபா' என்ற அறிவுச் சோதனையை அமைத்தார்கள். கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா என்பது அதிலிருந்த கேள்விகளுள் ஒன்று. கிரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. புதிதாகக் குடியேறிய ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் படையினரின் மதிப்பெண்களை வைத்து, தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று 1923இல் கார்ல் பிரிகம் ஒரு நூலே எழுதினார். 1930இல் அவரே அந்த முடிவுகளைத் திரும்பப் பெற்றார். ஷார்ட்ஸ் ஒரு புதிரைத்தான் தந்தார். அவருடைய தாளில் அத்தகைய உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆயினும் பெயரில்லாத நகல் ஒன்று 'உங்கள் சிந்தனைத்திறனைச் சோதியுங்கள்' என்ற தோரணையில் கைக்கு வரும்போது, பாதியில் நின்றுபோன ஒருவர் தம்மை மந்தமானவர் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ரேமண்ட் கேட்டல் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்தார்: புதிய சிக்கலை அவிழ்க்கும் திறன் ஒன்று, படித்தும் பழகியும் சேர்த்துவைத்த அறிவு மற்றொன்று. இப்புதிர் பெரும்பாலும் இரண்டாவதையே தொடுகிறது. முதலாவதை அளப்பதாகச் சொல்லப்படுவதில்தான் பிழை.

இன்னும் இரண்டு குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். குறுக்கெழுத்தில் ஒரு சொல் தெரியாவிட்டாலும் அதை வெட்டிச் செல்லும் சொற்கள் எழுத்துகளைத் தந்து கைதூக்கிவிடும். இங்கே ஒவ்வொரு வரியும் தனித்தீவு. முட்டி நின்றால் பக்கத்து வரி உதவாது. அடுத்து, எண்கள் மூப்படைகின்றன. '9 = பி. இன் தி எஸ். எஸ்.' என்ற வரி சூரியக் குடும்பத்தின் ஒன்பது கோள்களைக் கேட்டது. 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோளாக வகைப்படுத்தியதும் கோள்கள் எட்டாயின. பழைய தாளில் சரியான விடை, இன்றைய பள்ளிப் பாடத்தில் தவறு.

தமிழில் இதைச் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். தொகை எண்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை: 12 ஆழ்வார், 27 நட்சத்திரம், 63 நாயன்மார், 133 அதிகாரம், 247 எழுத்து. ஆனால் ஆங்கில வடிவத்தை அப்படியே எடுத்தால் மூன்று இடங்களில் இடறும். ஆங்கில முதலெழுத்து பெரும்பாலும் மெய்யொலியை மட்டும் காட்டும்; தமிழ் உயிர்மெய் உயிரையும் சேர்த்துக் காட்டிவிடும். '1330 = கு.' என்றதும் குறள் வெளியே வந்துவிடுகிறது. '63 = ந்.' என்று மெய்யை மட்டும் தந்தால் சற்றே திரை விழும். இரண்டாவது, ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் உறவு தமிழில் வேற்றுமை உருபாகப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. '7 = வா. நா.' என்றால் எலும்புக்கூடு போய்விடும்; '7 = வா...த்தில் நா...கள்' என்று உருபை விட்டுவைத்தால் ஊகத்துக்கு இடம் கிடைக்கும். மூன்றாவது, நம் தொகை எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. '18 = ப.' என்றால் மகாபாரதப் பர்வங்களும் பொருந்தும், சபரிமலைப் படிகளும் பொருந்தும். தன்னைத் தானே மெய்ப்பிக்கும் அழகு அங்கே கெட்டுவிடுகிறது.

இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மேலே நான் அடுக்கிய எண்களுள் சில சைவ, வைணவ மரபுகளிலிருந்து வந்தவை. அவற்றை மட்டுமே வைத்து ஒரு வகுப்பறைக்குத் தாள் தயாரித்தால், அந்த மரபில் வளராத பிள்ளைக்கு 63 என்பது நமக்கு 57 போலத்தான் இருக்கும். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளும் பத்துக் கட்டளைகளும் இடம்பெறலாம். அங்கும் விழிப்பு தேவை: விவிலிய நூல்கள் சீர்திருத்தத் திருச்சபையினருக்கு 66, கத்தோலிக்கருக்கு 73. மனித உடலின் 206 எலும்புகள், தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகள், கால்பந்து அணியின் 11 பேர் என்று எல்லாருக்கும் பொதுவானவையே தாளின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. தீர்ப்பவரின் அறிவைவிட, தீர்ப்பவரும் அமைத்தவரும் எவ்வளவு பொதுவான உலகில் வாழ்கிறார்கள் என்பதையே இப்புதிர் கூடுதலாகக் காட்டுகிறது. நேர்முகத் தேர்விலும் மதிப்பெண் போடும் சோதனையிலும் அதற்கு இடம் தரக் கூடாது. குடும்பமாகக் கூடியிருக்கும் மாலையிலும், ஆசிரியர் மாணவர்களையே ஆளுக்கொரு வரி எழுதிவரச் சொல்லும் வகுப்பிலும் அதற்கு முழு இடம் தரலாம். தீர்ப்பதைவிட அமைப்பதில் கல்வி அதிகம்: எண் சரியா, வேறு விடை பொருந்துமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்குமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் ஒரு நல்ல வரியை எழுதிவிட முடியாது. அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவர், பிறருடைய அறியாமையை முட்டாள்தனம் என்று எளிதில் முடிவுகட்ட மாட்டார்.