இளமை தீர் திறமும் இரணைமடுப் பிரிவும்

அகத்திணை ஏழனுள் இறுதியாக வைக்கப்பட்டது பெருந்திணை. அதன்பாற்படும் நான்கு கூறுகளுள் ஒன்றாக இளமை தீர் திறத்தைத் தொல்காப்பியர் எண்ணினார். உரைகண்ட இளம்பூரணர் இதனை மூவகைப்படுத்துவர். தலைவன் முதியனாய்த் தலைவி இளையளாதல், தலைவி முதியளாய்த் தலைவன் இளையனாதல், இருவரும் இளமை நீங்கிய பின்னர் அறத்தை விடுத்துக் காமத்தின்மேல் மனஞ்செலுத்துதல் என்பன அவை. இளமையிற் பிரிந்த இருவர் நடுவயதில் அயல்நாட்டில் மீண்டும் கூடுவராயின், அக்காதலை இம்மூன்றாம் வகையுள் அடக்கலாமா என்பது ஆராயத்தக்கது.

பண்டைப் பிரிவுக்கு ஓர் எல்லை உண்டு. முல்லைத் தலைவி கார்காலத்தை நோக்கி ஆற்றியிருப்பாள். மழையோடு தலைவனின் தேரும் வந்துவிடும். கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பதும் தொல்காப்பிய மரபு. பிரிந்தவன் மீள்வதற்கு ஓர் இல்லமும், அதில் அவனை எதிர்நோக்கும் ஒருத்தியும் என்பதே அம்மரபின் அடிப்படை.

வன்னியின் அண்மைக்கால வரலாறு இவ்வடிப்படையைத் தகர்த்தது. கனகராயன் ஆற்று நீரை ஏற்கும் இரணைமடுக் குளம் ஐப்பசிக்குப் பின்வரும் மழையில் நிறையும்; அதனை நம்பியே வயல்களிற் காலபோகம் விளையும். ஆயின் அம்மழை பிரிந்தோர் மீட்சிக்குத் தவணையாகவில்லை. 1983க்குப் பின்னர் ஈழத்தமிழருள் ஆணும் பெண்ணும் கடல் கடந்தனர். 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் குளத்தைச் சூழ்ந்த ஊர்மக்கள் கிழக்கே முள்ளிவாய்க்கால் நோக்கிப் பெயர்ந்தனர். சென்றவன் மீளவில்லை, இருந்தவளும் இருந்த இடத்தில் இல்லை. இப்பிரிவைக் காதலர் தேர்ந்தெடுக்கவில்லை. போர் அவர்மேற் சுமத்தியது.

இப்பொருளைத் தமிழர் பரவலாக அறிந்தது சி. பிரேம்குமாரின் '96' திரைப்படத்தின் (2018) வாயிலாகவே. தஞ்சாவூர்ப் பள்ளியிற் பழகிப் பிரிந்த இராமும் ஜானகியும் இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர்ச் சென்னையில் ஓரிரவு சந்திக்கின்றனர். சிங்கப்பூரில் வாழும் ஜானகி மணமானவள், விடிந்ததும் திரும்பிவிடுகிறாள். படம் அறத்தைக் காக்கிறது. அதன் கண்ணியம் போற்றத்தக்கது. எனினும் கடினமான வினாவை அது தவிர்த்துவிடுகிறது. ஜானகிக்கு மணவாழ்வு உண்டு என்ற ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. இருவரும் தனித்தவராயின், துணையை இழந்தவராயின், முடிவு யாதாகும்? அவ்விடத்தில் எஞ்சுவது வயது ஒன்றே. "இந்த வயதிலா?" என்று ஊர் கேட்கும் கேள்வியைப் படம் எதிர்கொள்ளவில்லை.

இளம்பூரணர் உரை இங்கேயே துணைபுரிகிறது. மூன்றாம் வகையில் அவர் இளமை நீங்குதலை மட்டுங் குற்றமாகக் கொள்ளவில்லை; அறத்தை விடுத்தலையும் அதனோடு சேர்த்தே கூறினார். எனவே எவரையும் வஞ்சியாத, எவர்க்குரிய கடமையையும் கைவிடாத காதல், நரை தோன்றிய பின் மலர்ந்தமையாலேயே பொருந்தாக் காமம் ஆகிவிடாது. போர் பறித்த காலத்துக்குக் காதலரைப் பொறுப்பாளிகளாக்குவது இலக்கணமும் அன்று, நீதியும் அன்று.

இலண்டனிலோ தொறன்ரோவிலோ இங்ஙனம் மீண்டும் சந்திப்போரைப் பாடும் படைப்பாளர், அவர்களை நகைப்பிற்குரியோராகவோ பழங்கனவின் நிழல்களாகவோ தீட்டுதல் போதாது. பிள்ளைகளின் தயக்கம், மறைந்த துணையின் நினைவு, மீளவியலாத ஊர் ஆகியவற்றினிடையே அவர்கள் அறத்தைத் தேடும் முயற்சியே அப்படைப்பின் உரிப்பொருளாதல் வேண்டும்.