பட்டமும் தண்ணீரும்: தாமிரபரணிக் கடைமடையிலிருந்து சில கேள்விகள்

உயர்கல்வி பெருகினால் வட்டாரம் வளரும் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத வாய்ப்பாடாகிவிட்டது. அரசின் கொள்கைக் குறிப்பில் இருக்கிறது, துணைவேந்தர்களின் பட்டமளிப்பு உரையில் இருக்கிறது, நம் தோழர்களின் கோரிக்கைப் பட்டியலிலும் இருக்கிறது. எல்லாத் தரப்பும் ஒரே குரலில் பேசுகிற விஷயங்கள் இங்கே குறைவு. அதனாலேயே இதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இந்த வாய்ப்பாட்டுக்கு ஒரு வம்சாவளி உண்டு. படிப்புக்கு ஆகும் செலவை நுகர்வு என்று பார்க்காதீர்கள், அது முதலீடு என்று 1960ல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைமையுரையில் தியோடர் ஷூல்ட்ஸ் சொன்னார். 1964ல் கேரி பெக்கர் அதற்குக் கணக்குச் சட்டகம் போட்டுக்கொடுத்தார். 'மனித மூலதனம்' என்ற சொல் அங்கிருந்து கிளம்பி, உலக வங்கி வழியாக நம்மூர் வந்து சேர்ந்தது. படித்த ஆள் தன் உடம்புக்குள் ஒரு மூலதனத்தைச் சுமந்து திரிகிறான் என்பதே இதன் சாரம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த மூலதனத்தை அவன் எங்கே கொண்டுபோய்ப் போடுவான்? லாபம் எங்கே அதிகமோ அங்கே. பிறந்த ஊர் அதிலே எங்கே வருது? தேசம் என்ற பெரிய அலகில் ஒழுங்காகத் தெரிகிற சமன்பாடு, வட்டாரம் என்ற சின்ன அலகுக்கு இறங்கும்போது கிழிந்துபோகிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்று பார்த்தால் இந்தக் கிழிசல் நன்றாகவே தெரியும். தாமிரபரணியின் கடைசி அணை இங்கேதான் இருக்கிறது. 1870களில் கட்டி முடித்தது. வடகால், தென்கால் இரண்டுக்கும் சேர்த்து 25,560 ஏக்கர் பாசனம் என்பது அரசுக் கணக்கு. அணையைத் தாண்டிய ஆறு ஏரல், ஆத்தூர் பக்கமாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. சின்ன நிலப்பரப்புதான். ஆனால் படிப்புக்கு இங்கே எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. என்ரீக்கஸ் பாதிரியார் 1586ல் அச்சிட்ட 'அடியார் வரலாறு' புன்னைக்காயலில்தான் அச்சேறியது என்று சொல்கிறார்கள். 1840களில் ஜி.யு. போப் சாயர்புரத்தில் கல்விக்கூடம் நடத்தினார். விடுதலையை ஒட்டி, தூத்துக்குடியில் 1948ல் தூய மரியன்னை கல்லூரி, 1951ல் ஏ.பி.சி. வீரபாகுவின் முயற்சியில் வ.உ.சி. கல்லூரி, 1962ல் சாயர்புரத்தில் போப் கல்லூரி, 1965ல் திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி. ஸ்ரீவைகுண்டத்தில் திருப்பனந்தாள் காசி மடம் நடத்துகிற குமரகுருபரர் கலைக் கல்லூரி. குமரகுருபரர் இந்த ஊரில் பிறந்து காசிக்குப் போய் மடம் கண்டவர். ஆள்பவனோடு பேசுவதற்காக அவன் மொழியைக் கலைமகளிடம் கேட்டு வாங்கினார் என்பது அவரைப் பற்றிய கதை. வெளியூரில், அதிகாரத்தின் மொழியில் பெயர் வாங்கியவரின் பெயரில் உள்ளூரில் ஒரு கல்லூரி. இதில் உள்ள முரண் மடத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் மடமும் திருச்சபையும் தேசியவாதியும் பத்திரிகைப் பணமும் இருக்கின்றன. அதாவது இந்த மண்ணின் சமூகக் குழுக்கள் தங்கள் கௌரவத்துக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் கட்டிக்கொண்டவை. ஆலைகள் வந்த வழி வேறு. 1974ல் பெருந்துறைமுகம், 1975ல் ஸ்பிக் உற்பத்தி, 1978ல் கனநீர் ஆலை, 1979ல் அனல்மின் நிலையம், 1996ல் ஸ்டெர்லைட். அவை தில்லியும் சென்னையும் வெளி மூலதனமும் வரைந்த வரைபடத்தில் முளைத்தவை. கல்லூரி தமிழும் வரலாறும் வணிகவியலும் விலங்கியலும் சொல்லிக்கொடுத்தது. ஆலை தனக்கு வேண்டிய பொறியாளரைப் பெரும்பாலும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, உள்ளூர் ஆளை கான்ட்ராக்ட் கூலியாக வாசலில் நிறுத்தியது. பி.காம். முடித்தவன் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ பஸ் ஏறினான். இரண்டு பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அறிவு இங்கேயே பிறந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்குப் பிறகு பார்கள் கைவிட்டுவிட்டன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் கே. அழகர்சாமியும் உடன் இருந்தவர்களும் 1973ல் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் அதுதான் முதல். 1981ல் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் முறையும் கைகூடியது. இடையில் 1977ல் மீன்வளக் கல்லூரியும் தூத்துக்குடிக்கு வந்தாயிற்று. ஆராய்ச்சி நிலையம், கல்லூரி, கடல், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் மூச்சடக்கிய ஜனம், எல்லாம் ஒரே ஊரில். மனித மூலதனக்காரர்கள் கேட்கிற நிபந்தனை இதைவிட என்ன இருக்க முடியும்? 1983ல் ஸ்பிக்கும் தமிழ்நாடு மீன்வள வளர்ச்சிக் கழகமும் கூட்டாக ஒரு முத்துக் கம்பெனி தொடங்கின. அது நிலைக்கவில்லை. குளியாள் வீட்டுக்கு முத்து வருமானமாக வந்து சேரவேயில்லை.

ஜப்பானோடு ஒப்பிட்டால் விஷயம் பிடிபடும். அங்கே 1893ல் சிப்பியில் முத்து விளைவித்த மிக்கிமோட்டோ நூடுல்ஸ் கடைக்காரர் மகன், விஞ்ஞானி கிடையாது. பின்னால் ஆகோ வளைகுடாவில் சின்னச் சின்னக் குடும்பங்கள் தொழிலைக் கையில் வைத்திருக்க முடிந்ததற்குக் காரணம், கரைக்கடலின் மீது மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சட்டப்படி இருந்த உரிமை. இங்கே கடல் மேல் மீனவனுக்கு என்ன பாத்தியதை? ஆய்வகத்தில் முத்து விளைந்தது, அதை விதைக்க அவனுக்குத் தண்ணீரில் ஒரு சென்ட் இடம் கிடையாது. சொத்துறவு மாறாத இடத்தில் அறிவு வந்து இறங்கினால், ஏற்கெனவே சொத்து வைத்திருக்கிறவன் கையில்தான் போய் உட்காரும். அவனுக்கு லாபம் தெரியாவிட்டால் அப்படியே கிடக்கும்.

கோயம்புத்தூரைப் பாருங்கள் என்பார்கள். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951ல் வந்தபோது அங்கே பஞ்சாலைகளும் பம்பு செட் பட்டறைகளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. கல்லூரி மூலதனத்தின் பின்னால் வந்தது. திருப்பூர் இன்னும் ஒரு படி மேலே. அதன் முதலாளிகளில் கணிசமானவர்கள் பட்டறையில் கைவேலை பார்த்து ஏறியவர்கள் என்று ஷரத் சாரி 2004ல் வந்த நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆக காரணம் எது, விளைவு எது என்பதே தலைகீழாகக் கிடக்கிறது.

"அப்ப காலேஜே வேண்டாங்கியளா?" என்று யாராவது கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

பதிலுக்கு முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கல்லூரிக்கும் ஆலைக்கும் இல்லாத தொடர்பு ஆற்றுக்கும் ஆலைக்கும் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன். ஊரில் 'இருபது எம்ஜிடி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைமடை வாழையும் நெல்லும் காய்கிற வருஷத்திலும் குழாய் காய்ந்ததில்லை என்பது விவசாயிகளின் தீராத ஆத்திரம். அணையில் மண்டிய வண்டலை வாரவே 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தில் ஆலைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி 2018 நவம்பரில் அதே தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர்களும் மனுவோடு அலைந்தவர்களும் வக்கீல்கள், விவசாயிகள், கட்சிக்காரர்கள். ஆற்றங்கரையிலேயே இத்தனை கல்லூரி இருந்தும், நீர்க்கணக்கு கல்லூரியிலிருந்து வரவில்லை.

ஸ்டெர்லைட் விவகாரம் இன்னும் கசப்பானது. 1998ல் நாக்பூரின் நீரி நிறுவனம் ஒன்று சொன்னது, அதைக் கொண்டு உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த வருஷமே அதே நீரி வேறு மாதிரிச் சொன்னது. ஆனால் பக்கத்திலேயே ஒரு படிப்பு நடந்தது. 2006-07ல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் 80,725 பேரை ஆய்வு செய்தது. சுவாச நோய் அதிகம், நிலத்தடி நீரில் இரும்பு அதிகம் என்று எழுதி வைத்தது. ஒரு வட்டாரத்துக்கு உயர்கல்வி செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் இதுதான் என்பேன். அந்த 80,725 பேரில் எத்தனை பேர் கைக்கு அது தமிழில் போனது? ஆய்வுக்குப் பொருளாக இருந்தவர்கள் ஆய்வுக்கு வாசகர்களாக ஆகவில்லை. பத்து வருஷம் கழித்து, 2018 மே 22லும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தபிறகுதான் ஆலை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மூச்சு முட்டுகிறது என்று ஜனங்கள் சொன்னது அனுபவம்; அதையே கல்லூரி எழுதினால் சான்று. சான்றாக மாற்றும் அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறிக்கையை அலமாரியில் பூட்டுவதும் ஒரு அரசியல்தான்.

சரி, பட்டத்துக்கு வருவோம். பொருளாதாரக் கணக்கில் வராத வேலை ஒன்றைப் பட்டம் இங்கே செய்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்தில் போலீஸ் படை புகுந்தது. (அப்போது இந்த மாவட்டத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயர்.) டிவி, ஃபேன், தையல் மெஷின், சைக்கிள் எல்லாவற்றையும் உடைத்தார்கள். துணிமணியோடு பாஸ்போர்ட்டுகளையும் படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் போட்டுக் கொளுத்தினார்கள் என்பது அப்போதே பதிவானது. தலித் கிராமம் ஒன்றின் பி.ஏ. சான்றிதழ் தொழில் வளர்ச்சிக்கு உதவவில்லை என்று பொருளாதாரவாதி உதட்டைப் பிதுக்கலாம். கொளுத்தியவனுக்கு அதன் மதிப்பு துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்திலேயே கோட்டைப் பிள்ளைமார் மண்சுவருக்குள் பெண்களை அடைத்து வைத்த வரலாற்றை 1993ல் கமலா கணேஷ் நூலாக எழுதினார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் பஸ் பாஸோடு கல்லூரிக்குப் போய்வருவதை எந்த 'உற்பத்தித் திறன்' குறியீட்டால் அளப்பது? ஆகவே காலேஜ் வேண்டாம் என்று பேசுகிற சொகுசு நமக்கில்லை.

ஆனால் பட்டத்தைத் தந்துவிட்டு வெறுங்கையோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்க்கரையே சாட்சி. தொழில் வளர்ச்சியில் பிந்தி வரும் நாடுகளில் வேலைக்குச் சான்றிதழ் கேட்பது அதிகமாகிக்கொண்டே போய், படிப்பு செத்துச் சான்றிதழ் மட்டும் மிஞ்சும் என்று ரொனால்ட் டோர் 1976ல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1971ல் அங்கே சிங்களக் கிராமங்களின் படித்த இளைஞர்கள் ஆயுதம் தூக்கினார்கள். அதே கட்டத்தில் வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பையன்களுக்குப் பல்கலைக்கழக வாசலை அடைத்தது. பிறகு நடந்தவற்றை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நெல்லைச் சீமையில் வேறொரு வகைக் கல்வி நடந்திருக்கிறது. நா. வானமாமலை வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தியவர். 1967ல் நெல்லை ஆய்வுக் குழு, 1969ல் 'ஆராய்ச்சி' இதழ். பல்கலைக்கழகமே இல்லாத ஊரில், ஆசிரியரும் குமாஸ்தாவும் கட்சித் தோழரும் உட்கார்ந்து கட்டுரை வாசித்து அடித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டறையில் உருவான ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டு 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தை எழுதினார், உப்பைப் பற்றி எழுதினார், பனையைப் பற்றி எழுதினார். கல்லூரி அவருக்குச் சம்பளம் தந்தது. கேள்விகளை அவர் வெளியிலிருந்து கொண்டுவந்தார். வட்டாரத்தைப் பற்றிய அறிவு என்று இன்று நம்மிடம் இருப்பதில் பாதி இந்த வழியில் வந்ததுதான். 1990ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகு இது பெருகியிருக்க வேண்டும். பெருகியவை எம்.பில். ஏடுகள்.

இப்போது எண்ணிக்கைக் குறை தீர்ந்துவிட்டது. 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. 2022லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தாயிற்று. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024ல் அடிக்கல் நாட்டியாயிற்று. "நம்ம பயலுவளுக்கு வேல உண்டும்லா" என்று ஏரல் டீக்கடையில் பேசுகிறார்கள். கிடைக்கட்டும். பாடத்திட்டத்தை ஆலைக்கு ஏற்றபடி வளைக்கிற பேச்சும் கூடவே வருகிறது. 'திறன்' என்ற புதுச்சொல் கையைக் கேட்கிறது, வாயைக் கேட்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு இரண்டு நாள் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. எந்தக் குளம் எப்போது உடைந்தது, எந்த ஓடை எங்கே அடைபட்டிருந்தது என்று ஊர்க்காரர்கள் மணிக்கணக்கு வைத்துச் சொல்வார்கள். இவற்றை எழுதி வாங்க ஒரு புவியியல் ஆசிரியரும் இருபது மாணவரும் ஒரு செமஸ்டரும் போதும். புது ஆலைகளுக்கு நாளொன்றுக்கு எத்தனை காலன் தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்பதை அதே இருபது பேர் அடுத்த செமஸ்டரில் விசாரிக்கலாம். தமிழில் எழுதிப் பத்து ரூபாய்க்கு ஏரல் பஸ் ஸ்டாண்டில் விற்கலாம். அந்த ஆசிரியருக்கு மெமோ வருமா வராதா என்பதிலிருந்து வட்டார வளர்ச்சி பற்றிய விவாதத்தைத் தொடங்குவோம்.